எழுத்தறிவு வகுப்புக்கும் ஒரு கணக்குக் கொப்பி வேண்டும்

நமது பகுதியில் வளர்ந்தோருக்கான எழுத்தறிவு வகுப்பு ஒன்றை ஆரம்பிப்பதாக இருந்தால் முதலில் வர்த்தகர்களாகிய நம்மிடம்தான் வருவார்கள். கரும்பலகை, கொப்பி, பென்சில், ஆசிரியைக்கு ஒரு சிறு கொடுப்பனவு, ஆரம்ப விழாவுக்குச் சிற்றுண்டி என்று பட்டியல் நீளும். நாமும் கொடுப்போம். அல்ஹம்துலில்லாஹ், கொடுக்கும் மனம் நமது சமூகத்தில் குறையவில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து, "அந்த வகுப்பில் எத்தனை பேர் வாசிக்கப் படித்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் பெயர் பதிந்தார்கள் என்று சொல்வார்கள். எத்தனை பேருக்குச் சான்றிதழ் கொடுத்தோம் என்றும் சொல்வார்கள். இடையில் என்ன நடந்தது என்று சொல்ல ஆளிருக்காது.

நமது கடையை நாம் இப்படி நடத்துவதில்லை. எந்தச் சாமான் ஓடுகிறது, எது தூசி பிடித்துக் கிடக்கிறது, எந்த மாதம் வியாபாரம் குறைகிறது, யார் கடனைத் திருப்பித் தருகிறார் என்பதையெல்லாம் கொப்பியில் எழுதுகிறோம். எழுதி வைப்பதோடு விடுவதுமில்லை. இரவில் கொப்பியைப் பார்த்துத்தான் மறுநாள் கொழும்பிலிருந்து என்ன எடுப்பது என்று தீர்மானிக்கிறோம். பெட்டிக்கடைக்கு இருக்கும் இந்த ஒழுங்கு, ஒரு மனிதருக்கு எழுத்தைக் கொடுக்கும் வகுப்புக்கு ஏன் இருக்கக்கூடாது? இந்த வாரம் நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

யாருக்காக இந்த வகுப்பு?

இலங்கையில் எழுத்தறிவு உயர்ந்த மட்டத்தில் இருப்பதாக நாம் பெருமைப்படுகிறோம். அதற்குக் காரணமும் உண்டு. 1945ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வி இருக்கிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பத்து வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ 96 வீதமானோர் எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள். ஆனால் இந்தக் கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வரும் உத்தியோகத்தர் கேட்கிறார், வீட்டார் பதில் சொல்கிறார்கள். யார் கையிலும் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்வதில்லை. தன் பெயரை மட்டும் எழுதத் தெரிந்த தாயை, பிள்ளைகள் "தெரியாது" என்று சொல்வார்களா?

மிகுதி நான்கு வீதமும் நாடு முழுவதும் சமமாகப் பரந்திருக்கவில்லை. அது தோட்டங்களிலும், மீன்பிடிக் கிராமங்களிலும், உப்பளத்துக்கு அருகிலுள்ள குடியிருப்புகளிலும், இடம்பெயர்ந்தோர் மத்தியிலும் குவிந்து கிடக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது அவர்களில் பெருந்தொகையானோர் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும்தான் வந்து சேர்ந்தார்கள். அன்று ஓலைக் கொட்டில்களில் பத்து வயதில் படிப்பை இழந்த பிள்ளைக்கு இன்று நாற்பத்தைந்து வயதாகிறது. அவர் முதியவர் அல்லர். அவருக்கு முன்னால் இன்னும் இருபது வருட உழைப்பு இருக்கிறது. கையொப்பமிட வேண்டிய பத்திரங்களும் இருக்கின்றன.

பத்திரம் என்று சொல்லும்போது நுண்கடன் பிரச்சினையை மறக்க முடியாது. 2018ஆம் ஆண்டில் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களில் சிக்கியிருந்த பெண்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. அந்தக் கடன்களுக்குக் காரணங்கள் பல. வட்டி வீதத்தை வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைத்ததும் அவற்றில் ஒன்று. குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று நமக்குத் தெரியும். சூறா அல்பகராவின் 282ஆவது வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியே அந்த வசனம் பேசுகிறது. கடன்பட்டவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும், எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும், தெரிந்தவர் எழுத மறுக்கக் கூடாது என்றெல்லாம் அது நமக்குக் கற்பிக்கிறது. எழுத்து இல்லாத இடத்தில் ஏழைக்குத்தான் முதலில் அநியாயம் நடக்கும் என்பதை வர்த்தகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணாடி கேட்ட வகுப்புகள்

வகுப்பின் விபரங்களை எழுதிப் பார்ப்பதால் என்ன நடக்கும் என்பதற்கு அயல் நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. இந்தியாவில் 1988ஆம் ஆண்டில் தேசிய எழுத்தறிவு இயக்கம் ஆரம்பமானது. அடுத்த ஆண்டே கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் முழுவதிலும் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் யார் என்று பட்டியல் எடுத்தார்கள். வகுப்புகள் தொடங்கின. வயதானவர்கள் பலர் ஒழுங்காக வந்தும் முன்னேறவில்லை. மூளை மங்கிவிட்டது என்று அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் அங்கே காரணத்தைத் தேடினார்கள். கண் பார்வைதான் குறை என்று தெரிந்தது. உடனே மக்களிடம் பழைய மூக்குக் கண்ணாடிகளைக் கேட்டார்கள். இரண்டு மாத அளவில் 50,000 வரையில் கண்ணாடிகள் சேர்ந்தன. 1990 பெப்ரவரியில் எர்ணாகுளம் இந்தியாவின் முதலாவது பூரண எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. 1991 ஏப்ரல் 18ஆம் திகதி கோழிக்கோட்டில் கேரள மாநிலம் முழுவதற்கும் அதே அறிவிப்பை வாசித்தவர் மலப்புறத்தைச் சேர்ந்த செலக்கோடன் ஆயிஷா என்ற நமது சகோதரி. முதிய வயதில் எழுத்தறிவு வகுப்பில் படித்தவர் அவர்.

அந்த இயக்கத்தின் பாடநூல்களிலும் ஒரு நல்ல ஒழுங்கு இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நூல்கள். ஒவ்வொரு நூலுக்குள்ளேயே சிறு சிறு சோதனைகள். கற்பவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பது அவருக்கும் தெரியும், ஆசிரியருக்கும் தெரியும். எழுத்தறிவு என்றால் என்ன என்பதற்கும் அளவு வைத்தார்கள். எளிய பந்தி ஒன்றை நிமிடத்துக்கு 30 சொற்கள் வீதம் உரத்து வாசிக்க வேண்டும். நூறு வரை எண்களை வாசித்து எழுத வேண்டும், சிறிய கூட்டல் கழித்தல் செய்ய வேண்டும். மூன்று நூல்களையும் முடிக்க ஏறத்தாழ 200 மணித்தியாலம் என்று கணக்கிட்டார்கள்.

இந்த 200 மணித்தியாலத்தை நமது வகுப்புகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாரத்தில் இரண்டு நாள், நாளொன்றுக்கு ஒன்றரை மணித்தியாலம், ஆறு மாதம் என்றால் 26 வாரம். மொத்தம் 78 மணித்தியாலம். ஒருநாளும் தவறாமல் வந்தவருக்கே 78தான். பாதி நாள் வந்தவருக்கு 39. ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் முழுப் பலனையும் எதிர்பார்த்து, அது கிடைக்காதபோது "எங்கள் பெண்களுக்குப் படிப்பில் ஆர்வம் இல்லை" என்று சொல்கிறோம். வரவுப் பதிவேடு ஒன்றை வைத்து மணித்தியாலத்தைக் கூட்டிப் பார்த்திருந்தால் இந்தப் பழிச்சொல் வந்திருக்காது.

சைக்கிள் கடைக்காரரின் கணக்கு

தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஆம் ஆண்டு அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் அங்கே பழக்கினார்கள். கல்குவாரியிலும் வயலிலும் வேலை செய்த பெண்கள் வகுப்புக்கு வருவதற்கும், கற்பிக்கும் பெண்கள் ஊர் ஊராகப் போவதற்கும் அது கை கொடுத்தது. இதைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் ஒரு வியாபாரக் கணக்கைக் குறிப்பிடுகிறார். அங்குள்ள ஒரு சைக்கிள் விற்பனையாளரிடம் பெண்களுக்கான சைக்கிள் விற்பனை ஒரே ஆண்டில் 350 வீதத்துக்கு மேல் கூடியதாம்.

வர்த்தகர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வகுப்பின் பலன் வகுப்புக்கு வெளியேதான் தெரியும். அதைக் காண்பதற்கு நமது கடையை விட நல்ல இடம் எது? நேற்று வரை பெருவிரல் வைத்தவர் இன்று கடன் கொப்பியில் கையெழுத்து வைக்கிறாரா? பில்லைக் கையில் வாங்கி, கூட்டியது சரியா என்று பார்க்கிறாரா? மருந்தில் முடிவுத் திகதியைத் தேடுகிறாரா? இவை எந்தச் சான்றிதழையும் விட உறுதியான சாட்சிகள். பில்லைச் சரி பார்க்கும் வாடிக்கையாளரால் நேர்மையான வியாபாரிக்கு ஒரு நட்டமும் இல்லை.

இந்திய அனுபவத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. எர்ணாகுளத்தின் பெயர் பரவியதும் மாவட்டங்களுக்கிடையே போட்டி பிடித்தது. அவசர அவசரமாகப் "பூரண எழுத்தறிவு" என்று அறிவிப்பதும், பின்னர் படித்தவர்கள் பழக்கம் விட்டு மறந்து போவதும் கவலைக்குரிய விடயங்களாயின. 1994ஆம் ஆண்டில் அருண் கோஷ் தலைமையிலான நிபுணர் குழு ஒன்று இவ்வியக்கங்களை மதிப்பிட வேண்டி வந்தது. இலக்கத்தை மேடையில் வாசிப்பதற்காகச் சேர்த்தால் அது ஊதிப் பெருக்கும். வகுப்பைத் திருத்துவதற்காகச் சேர்த்தால்தான் உண்மை பேசும். வருமான வரிக்கு ஒரு கொப்பி, தனக்கு ஒரு கொப்பி என்று வைத்திருப்பவர்களைக் கண்ட நமக்கு இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும்.

வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு

"இதற்கெல்லாம் அலுவலகம், கணினி, உத்தியோகத்தர் வேண்டுமே" என்று கேட்பீர்கள். தேவையில்லை. ஆபிரிக்காவில் நைஜர் என்றொரு நாடு. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும், மிகவும் வறிய நாடு. அங்கே வளர்ந்தோர் வகுப்புகளில் 2009ஆம் ஆண்டு முதல் ஒரு முயற்சி நடந்தது. ஒரு பகுதி கிராமங்களில் சாதாரண கையடக்கத் தொலைபேசியை எப்படிப் பாவிப்பது என்பதையும் பாடத்தில் சேர்த்தார்கள். அந்த வகுப்புகளில் படித்தவர்கள் மற்ற வகுப்பினரை விடச் சோதனைகளில் அதிக புள்ளி பெற்றார்கள். குறுஞ்செய்தி எழுதுவதற்கு எழுத்துத் தேவைப்பட்டதால் படித்ததைப் பாவிக்க வழி கிடைத்தது.

பின்னர் அதே நாட்டில் இன்னொரு முயற்சி செய்தார்கள். சில கிராமங்களைத் தெரிவு செய்து, வாரத்துக்கு ஒரு முறை ஆசிரியருக்கும் கிராமத் தலைவருக்கும் மாணவர்கள் இருவருக்கும் தொலைபேசி எடுத்தார்கள். இந்த வாரம் வகுப்பு நடந்ததா, எத்தனை நாள் நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள், என்ன கஷ்டம்? இவ்வளவுதான் கேள்வி. ஆசிரியரின் சம்பளத்தில் கை வைக்கவில்லை, தண்டிக்கவும் இல்லை. அழைப்பு எடுத்த கிராமங்களில் மாணவர்களின் புள்ளிகள், அழைப்பு எடுக்காத கிராமங்களை விடக் கூடியிருந்தன. யாரோ ஒருவர் தங்கள் வகுப்பைப் பற்றி அக்கறையோடு விசாரிக்கிறார் என்பதே ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஊக்கமாக அமைந்தது. நாம் கொழும்பு மொத்த வியாபாரியோடு ஒரு நாளைக்குப் பேசும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

நமது கொப்பியில் எழுத வேண்டியவை

நமது ஊர் வகுப்பு ஒன்றுக்கு ஐந்து விபரங்கள் போதும் என்பது என் அபிப்பிராயம்.

முதலாவது, வரவு. யார், எந்த நாளில், எத்தனை மணித்தியாலம். இரண்டு மாதம் எழுதினால் நாட்களின் குணம் தெரிந்துவிடும். சந்தை நாளில் வகுப்பு வெறிச்சோடுகிறதா? நாளை மாற்றுங்கள். உப்பு வாரும் வெயில் காலத்தில் உப்பளத்துப் பெண்கள் களைத்து வருகிறார்களா? நேரத்தை மாற்றுங்கள். கற்பிட்டிப் பக்கத்து மீனவர்களுக்குத் தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் இந்தக் கடல் கொந்தளிக்கும். பலர் தொழிலுக்காகக் கிழக்குக் கரைக்குப் போய்விடுவார்கள். மே மாதத்தில் அவர்களுக்கு வகுப்பைத் தொடங்கி ஓகஸ்டில் "வருகை குறைவு" என்று மூடுவதில் என்ன நியாயம்? ரமழானுக்கும் இதே போன்ற திட்டம் வேண்டும்.

இரண்டாவது, வரும்போதே என்ன தெரியும் என்பது. நமது பெண்களில் பலர் தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள், ஆனால் குர்ஆனைத் தங்குதடையின்றி ஓதுபவர்கள். நமது முன்னோர்கள் அரபுத் தமிழில் நூல்கள் எழுதிய சமூகத்தவர்கள். எழுத்துக்கு ஒலி உண்டு, எழுத்துகள் சேர்ந்து சொல்லாகும் என்பது ஓதத் தெரிந்தவருக்கு ஏற்கெனவே தெரியும். எழுத்தின் உருவமும், இடமிருந்து வலமாக எழுதுவதும்தான் புதிது. அவரையும் ஒன்றுமே அறியாதவரையும் ஒரே பாயில் உட்கார வைத்து "அ" எழுதச் சொன்னால் ஒருவருக்குச் சலிப்பு, மற்றவருக்குப் பயம். இருவரும் நின்றுவிடுவார்கள்.

மூன்றாவது, எதை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறார் என்பது. ஒருவருக்குப் பிள்ளையின் பாடசாலைக் கடிதம், ஒருவருக்குக் கடன் பத்திரம், ஒருவருக்கு பஸ் பலகை, வெளிநாட்டிலிருக்கும் மகனின் குறுஞ்செய்தி ஒருவருக்கு. இதை எழுதி வைத்தால் பாடத்தை அதற்கேற்ப அமைக்கலாம். வாடிக்கையாளர் கேட்காத சாமானை எவ்வளவு அழகாக அடுக்கி வைத்தாலும் விலை போகாது.

நான்காவது, மாதம் ஒருமுறை ஒரு சிறு பார்வை. ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் வாசிக்கிறார், ஐந்து சொற்களைச் சொல்லக் கேட்டு எழுதுகிறாரா, ஒரு பில்லைக் கூட்டுகிறாரா? கற்பவர் தன்னைத் தனது சென்ற மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும், பக்கத்தில் இருப்பவரோடு அல்ல.

ஐந்தாவது, நின்றவர் ஏன் நின்றார் என்பது. இதுதான் மிகவும் முக்கியம், இதைத்தான் யாரும் எழுதுவதில்லை. கண் தெரியவில்லையா, கைக்குழந்தையா, இருட்டில் நடந்து வர வழியில்லையா, கணவர் விரும்பவில்லையா, ஆசிரியை ஏசினாரா? ஒவ்வொரு காரணத்துக்கும் ஒவ்வொரு மருந்து இருக்கிறது. எழுதாவிட்டால் எல்லாவற்றுக்கும் "ஆர்வம் இல்லை" என்ற ஒரே பெயர்தான்.

இதனால் காசும் மிச்சமாகும். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். 90,000 ரூபா செலவில் 30 பேருக்கு வகுப்பு. பெயர் பதிந்தவர் கணக்கில் ஆளுக்கு 3,000 ரூபா. ஆனால் 12 பேர்தான் வாசிக்கப் படித்தார்கள் என்றால் உண்மையான செலவு ஆளுக்கு 7,500. நேரத்தை மாற்றி, நான்கு பேருக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்து, வாசிப்பவர் தொகை 20 ஆனது என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடிக்கு 10,000 கூடச் செலவானாலும் ஆளுக்கு 5,000தான். கூடுதலாகச் செலவழித்தோம், ஆனால் மலிவாக முடித்தோம்.

இரண்டு ஆட்சேபனைகள்

"அல்லாஹ்வுக்காகச் செய்யும் தர்மத்துக்குக் கணக்குப் பார்ப்பதா?" என்று சிலர் கேட்பார்கள். நமது பெயருக்காகக் கணக்குப் பார்ப்பதுதான் தவறு. ஊர்ப் பணம் அமானத். ஸகாத்தைக் கொடுப்பவர் ஒரு ரூபாவும் பிசகாமல் கணக்கிட்டுத்தானே கொடுக்கிறார்? கணக்கிடுவதால் அவருடைய நிய்யத் கெட்டுவிடுவதில்லை. வகுப்புக்கு எந்தப் பணத்தைப் பாவிக்கலாம், ஸகாத்தா, ஸதகாவா, வக்ஃப் வருமானமா என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாவித்த பணம் பலன் தந்ததா என்று பார்ப்பது நமது பொறுப்பு.

இரண்டாவது ஆட்சேபனை மிகவும் நியாயமானது. எழுதப் படிக்கத் தெரியாது என்பதை மறைத்து வாழ்பவர்கள் பலர். அவர்களுடைய விபரங்கள் ஊருக்குத் தெரிந்தால் மறுநாளே வகுப்பு காலியாகிவிடும். ஆகவே பெயருள்ள பதிவேடு ஆசிரியையின் கையை விட்டு வெளியே போகக்கூடாது. பணம் கொடுக்கும் நமக்கும் பள்ளிவாசல் நிருவாகத்துக்கும் தொகை மட்டும் போதும். சிலேட்டைப் பிடித்த தாய்மாரைப் படம் எடுத்து முகநூலில் போடும் பழக்கத்தையும் அடியோடு நிறுத்த வேண்டும். அவர்கள் நமது கொடைக்கு விளம்பரப் பலகை அல்ல. அதேபோல, இலக்கம் குறைந்தால் ஆசிரியையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் கூடாது. ஏற்றினால் அடுத்த மாதம் முதல் எல்லா இலக்கமும் அழகாகத்தான் வரும். உண்மை வராது.

என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை வகுப்புக்குப் பணம் கேட்டு யாராவது உங்கள் கடைக்கு வந்தால் இல்லை என்று சொல்லாதீர்கள், கொடுங்கள். ஆனால் ஆரம்ப விழாவின் சிற்றுண்டிக்கு வைத்த தொகையைப் பதிவேட்டுக்கும் தொலைபேசி அழைப்புக்கும் கண்ணாடிக்கும் திருப்பிவிடச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழிந்து எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை பேர் நின்றார்கள், ஏன் நின்றார்கள், அதற்கு என்ன மாற்றம் செய்தீர்கள் என்ற நான்கு கேள்விகளுக்கு ஒரு தாளில் பதில் தரச் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் இருந்தால் அந்த வகுப்பு நல்ல கைகளில் இருக்கிறது என்று நம்பலாம். ஆறு மாதத்தை ஒரு வருடமாக நீட்டக் கேட்டாலும் தயங்காமல் கொடுக்கலாம். இன்ஷா அல்லாஹ், அந்தப் பணம் வீண் போகாது.